வண்டு சுற்றிய வழக்கு

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் இன்று காலை படித்துக் கையெழுத்திட்ட நடத்தை விதிகளில், மொழிபெயர்ப்பாளர் விசாரணையில் தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒன்று இருக்கிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆகவே அது என்னைக் கட்டாது. அடுத்த அரை மணி நேரம் பெரும்பாலும் என்னைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஐம்பத்தெட்டு ஓய்வு பெறும் வயதல்ல என்று என் மனைவி சொல்கிறாள். உண்மைதான். ஆனால் என் இடது காது எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. வலது காதை அந்தப் பக்கம் திருப்பித் திருப்பிக் கொஞ்ச காலம் சமாளித்தேன். சாட்சிகள் நான் அவர்களைச் சந்தேகமாகப் பார்க்கிறேன் என்று நினைக்கத் தொடங்கியதும் விலகிவிட்டேன்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் விசாரணையில் கேட்டதை எங்கும் எழுதக்கூடாது என்பதால், என் பணிக்கால நாட்குறிப்புகளில் வானிலையும் மதிய உணவும் மட்டுமே இருக்கின்றன. இப்போது சொல்லப்போகும் வழக்கு நடந்த நாளில், "தூறல். முட்டை சாண்ட்விச், ஓரம் காய்ந்திருந்தது. திரும்பும்போது ரயிலில் இடம் கிடைத்தது" என்று எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் நினைவிலிருந்து வருகிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன். பெயர் கேட்காதீர்கள். கிழக்கு லண்டனில் இல்ஃபோர்ட் கடைத்தெருவில் நீங்கள் காணும் எந்த அக்காவும் அவராக இருக்கலாம்.

முதலில் 'நான்' என்ற சொல்லைப் பற்றி. சாட்சி "எனக்குத் தெரியாது" என்றால் நீங்களும் ஆங்கிலத்தில் "எனக்குத் தெரியாது" என்றுதான் சொல்ல வேண்டும். "அவருக்குத் தெரியாதாம்" என்று சொல்லக்கூடாது. சாட்சி பேசும்போது நீங்கள் சாட்சி. நீதிபதி பேசும்போது நீங்கள் நீதிபதி. உங்களுக்காகவே ஏதாவது பேச வேண்டி வந்தால், "மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் கேட்கிறார்" என்று மூன்றாம் மனிதரைப்போலச் சொல்ல வேண்டும். இது சீக்கிரம் பழகிவிடும். பழகியபின் விடாது. ஒருநாள் வீட்டில், "மொழிபெயர்ப்பாளருக்கு இன்னொரு தேத்தண்ணி கிடைக்குமோ" என்று கேட்டுவிட்டேன். "மொழிபெயர்ப்பாளருக்குக் கை இருக்குத்தானே" என்றாள் மனைவி.

இரண்டாவது, தெரிந்த சொல்லைப் பற்றி. தெரியாத சொல் வந்தால் நீங்கள் நின்று கேட்பீர்கள். அதனால் ஆபத்தில்லை. ஆளைக் கவிழ்ப்பது நன்றாகத் தெரிந்த சொல்தான். தென் லண்டனில் மிச்சம் என்று நம் சனங்கள் நிறைய இருக்கும் ஓர் ஊர் உண்டு. அங்கே குடியிருக்கும் ஒருவர், "நான் மிச்சத்தில இருக்கிறன்" என்று விலாசம் சொன்னார். புதிதாக வேலைக்கு வந்த ஒரு நண்பர் அதை, "எஞ்சிய பகுதியில் நான் வாழ்கிறேன்" என்று மொழிபெயர்த்தார். அந்த நீதிபதி அதைக் கவிதையாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார் என்று கேள்வி. எல்லா நாளும் அப்படித் தப்ப முடியாது.

போர் நடந்த இடங்களிலிருந்து வந்தவர்களுடைய தமிழில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. ஒருவர் எந்தக் காலத்தில் வெளியேறினார் என்பதை அவர் வாயில் வரும் விமானத்தின் பெயரை வைத்தே சொல்லிவிடலாம். முதலில் வந்தவர்கள் ஹெலி என்பார்கள். அடுத்து வந்தவர்கள் குண்டு போடும் விமானத்தைப் பொம்மர் என்பார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் கிபிர் என்பார்கள். கிபிர் என்பது எங்கோ ஒரு நாட்டில் செய்து விற்ற போர்விமானத்தின் பெயர். எங்கள் சனங்கள் "மழை பெய்தது" என்பதுபோல "கிபிர் அடிச்சது" என்பார்கள். எந்த நாடு எந்தக் காலத்தில் எதைக் கொடுத்தது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள், எங்கள் விசாரணை மன்றங்களின் காத்திருப்பு அறையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் போதும். நான் பொம்மர்க் காலத்து ஆள். என்னுடைய போர்த்தமிழ் அந்த விமானத்தோடு நின்றுவிட்டது.

இனி வழக்கு.

அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீடு செய்தவர், வட இலங்கையின் வன்னியிலிருந்து வந்த ஒரு பெண். அறுபதை நெருங்கும் வயது. இல்ஃபோர்ட்டில் தங்கை மகளின் வீட்டில் தங்கியிருந்தார். போரின் கடைசி மாதங்கள்வரை சண்டைக்குள்ளேயே இருந்ததாகவும், குடும்பத்தோடு ஐந்து இடங்களுக்கு மாறி மாறி ஓடியதாகவும், பிறகு முகாமில் இருந்தபோது கண்டதையெல்லாம் வெளியாரிடம் சொன்னதாகவும், அதிலிருந்து விசாரிக்க ஆட்கள் வீடு தேடி வந்துகொண்டேயிருந்ததாகவும் அவர் சொல்லியிருந்தார். பிரித்தானிய அரச தரப்பு, அந்த மாதங்களில் அவர் அங்கே இருக்கவேயில்லை என்றது. இருந்தார் என்று நீதிபதி நம்பினால் இந்த நாட்டில் இருக்கலாம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேடி வந்தவர்களுக்கு அதன்பின் வீடு தேடும் சிரமம் இல்லை. விமான நிலையத்திலேயே நிற்கலாம்.

அவரை நம்பாததற்குக் காரணம் ஒரு வண்டு.

முதல் நேர்காணலில், ஏன் வீட்டைவிட்டுப் போனீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "வண்டு வந்திட்டுது, அதான் வெளிக்கிட்டனாங்கள்" என்றிருக்கிறார். தொலைபேசி வழியாக மொழிபெயர்த்தவர், வண்டு என்ற பூச்சிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ அதைச் சொல்லியிருக்கிறார். அகராதியைத் திறந்து பாருங்கள், நியாயம் அவர் பக்கம்தான். நிராகரிப்புக் கடிதத்தில், கல்லால் கட்டிய வீட்டை ஒரு குடும்பம் பூச்சித் தொல்லைக்காகக் கைவிட்டது என்பதை ஏற்பது கடினம் என்று மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்கள். அக்காவின் சட்டத்தரணி ஓர் ஆங்கிலேயப் பெண், மிகவும் உழைப்பாளி. அவர் விடவில்லை. வெப்பமான நாடுகளில் வண்டுகளால் வரும் கேடுகள் பற்றிய கட்டுரைகளைத் தேடித் திரட்டி, ஒரு கட்டாக இணைத்துச் சமர்ப்பித்திருந்தார்.

இதெல்லாம் எனக்கு அன்று பகலில்தான் தெரிய வந்தது. மொழிபெயர்ப்பாளருக்குக் கோப்பைக் காட்டமாட்டார்கள். போய் உட்கார வேண்டியதுதான். நான் போய் உட்கார்ந்தேன்.

நீதிபதி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு மேசையில் தேடுகிற மனிதர். மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரிகிறதா என்று முதலில் அக்காவைக் கேட்டார். வழக்கமான கேள்வி.

"விளங்குது," என்றார் அக்கா. "ஆனா தம்பி கன காலமா ஊருக்குப் போகேல்லைப் போல. எங்கட அப்பா கதைக்கிற மாதிரிக் கதைக்கிறார்."

சொன்னதெல்லாம் மொழிபெயர்க்கப்பட வேண்டும். நான் முகத்தை மாற்றாமல், "புரிகிறது. ஆனால் இவர் நீண்ட காலமாக ஊருக்குப் போகவில்லை போலிருக்கிறது. என் தகப்பனாரைப்போலப் பேசுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அரச தரப்பில் வந்திருந்தவர் ஓர் இளைஞர். நல்ல குரல். தனக்கு நல்ல குரல் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எழுந்து கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"முதல் தடவை எதனால் இடம்பெயர்ந்தீர்கள்?"

"வண்டு வந்தது."

"இரண்டாவது தடவை?"

"அதுவும் வண்டாலதான்."

"ஐந்து தடவையும் வண்டா?"

"ஓம். நாங்கள் போற இடமெல்லாம் கலைச்சுக் கலைச்சு வந்தது."

நான் பூச்சியின் பெயரைச் சொல்லித்தான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த வண்டு அது ஒன்றுதான். வன்னியில் வேறு ஏதாவது இனம் இருக்கலாம் என்று நினைத்தேன். நான் யாழ்ப்பாணத்து ஆள், காட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

"வண்டு இருக்கும்போது சமைக்கவில்லை என்று நேர்காணலில் சொல்லியிருக்கிறீர்கள்," என்றார் இளைஞர்.

"அடுப்பு மூட்டேலாது. புகை தெரிஞ்சிடும்."

"துணி காயப்போடவில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள்."

"வெள்ளைத்துணி ஒருக்காலும் போடமாட்டம்."

"பிள்ளைகளைச் சேர்ந்து விளையாடவும் விடவில்லை. வண்டுக்குப் பயந்து."

"நாலு பேர் ஒண்டா நிண்டாலே அதுக்கு விளங்கியிடும்."

ஒவ்வொரு பதிலுக்கும் இளைஞர் நீதிபதியைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதி தாளைப் பார்த்தார். சட்டத்தரணி தன் கட்டுரைக் கட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். புகையையும் வெள்ளைத்துணியையும் ஆட்களையும் கண்டுபிடிக்கிற வண்டைப் பற்றி அதில் ஒரு கட்டுரையும் இல்லை என்று நினைக்கிறேன்.

இளைஞர் கடைசியாக, மிக இனிமையாக ஒரு கேள்வி கேட்டார். "பூச்சிமருந்து அடித்துப் பார்த்தீர்களா?"

நான் மொழிபெயர்த்தேன். அக்கா அவரைப் பார்த்தார். பிறகு, மொழிபெயர்த்தது சரிதானா என்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்த அறையில் யாரும் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"மருந்தடிச்சு விழுத்துற உயரத்திலயோ தம்பி அது நிண்டது? வெடி வைச்சே விழுத்தேலாமல் போச்சு."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு நாள் நீங்களும் இப்படி ஒரு வாக்கியத்தின் முன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். துப்பாக்கியால் வெடி வைத்து யாரும் வண்டு பிடிப்பதில்லை. நான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த சொல் பிழை. அது மட்டும் எனக்குத் தெரிந்தது. சரியான சொல் எதுவென்று தெரியவில்லை. வானத்தில் நிற்கிற ஏதோ ஒன்று என்று ஊகிக்க முடிந்தது. ஊகித்ததைச் சொல்லிவிட்டால் என்ன நடக்கும்? நேர்காணலில் பூச்சி, இன்றைக்கு விமானம், சாட்சி கதையை மாற்றுகிறார் என்று இளைஞர் எழுந்து நிற்பார். ஒன்றும் நடக்காததுபோலப் பூச்சியையே தொடர்ந்தால் என் மேல் ஒரு குறையும் வராது. பதிவேடும் நானும் ஒத்துப்போவோம். அக்கா மட்டும் திரும்பிப் போவார். இப்படி யோசிக்க எனக்குக் கிடைத்தது, ஒருவர் தொண்டையைச் செருமும் நேரம்தான். நான் தொண்டையைச் செருமினேன்.

முதலில் அக்கா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். உயரத்தையும் வெடியையும் விடவில்லை. பிறகு, "மொழிபெயர்ப்பாளருக்கு 'வண்டு' என்ற சொல் இந்த இடத்தில் எதைக் குறிக்கிறது என்று தெரியவில்லை. சாட்சியிடமே கேட்க அனுமதி வேண்டுகிறார்" என்றேன்.

இளைஞர் உடனே எழுந்தார். "மொழிபெயர்ப்பாளர் சாட்சிக்கு உதவி செய்கிறார்."

அந்த ஒரு வாக்கியம் போதும், மறுநாளிலிருந்து வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். நீதிபதி மேசையில் தேடுவதை நிறுத்தினார்.

"அவர் தனக்குத் தெரியாது என்கிறார்," என்றார். "இந்தக் கட்டடத்தில் அது எனக்கு அடிக்கடி கேட்கக் கிடைப்பதில்லை. கேட்கட்டும்."

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். "நீங்கள் வண்டு எண்டு சொல்லுறது என்னத்தை?"

"தம்பி எப்ப லண்டனுக்கு வந்தனீங்கள்?"

சாட்சி மொழிபெயர்ப்பாளரிடம் கேள்வி கேட்கக்கூடாது. ஆனால் கேட்டதை மொழிபெயர்க்காமல் விடவும் கூடாது. மொழிபெயர்த்தேன். நீதிபதி, "சொல்லுங்கள், எனக்கும் அறிய ஆவலாக இருக்கிறது" என்றார்.

"பொம்மர்க் காலத்தில," என்றேன். அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியாதுதான்," என்றார் அக்கா. குற்றம் சொல்லும் குரலில்லை, அனுதாபக் குரல். "உங்கட காலத்தில வந்தது குண்டைப் போட்டிட்டுப் போயிடும். இது போகாது. ஆளில்லாத பிளேன். மேல நிண்டு சுத்திச் சுத்திப் பாக்கும். ஆக்கள் எங்க இருக்கினம் எண்டு பாத்து முடிய, மற்றது வரும். கிபிர் வரும், இல்லாட்டி ஷெல் வரும். பொழுதுக்கும் ஒரே சத்தம். அதாலதான் எங்கட சனம் வண்டு எண்டு பேர் வைச்சது. சத்தம் இப்பிடி."

உதடுகளை ஒட்டிக்கொண்டு மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். மெல்லிய, விடாத, இடத்தைவிட்டு நகராத ரீங்காரம். அவர் அதைச் சீக்கிரம் நிறுத்தவும் இல்லை.

நிறுத்தியதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாட்சியின் வாயிலிருந்து வருவது எல்லாம் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்றுதான் விதி. சத்தத்துக்கு விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. நான் அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டு, உதடுகளை ஒட்டிக்கொண்டு, அதே சுருதியில் ரீங்கரித்தேன்.

"நன்றி," என்றார் நீதிபதி. "அது முதல் தடவையே புரிந்தது."

இளைஞர் கெட்டிக்காரர். சளைக்கவில்லை. "தரையில் நின்ற உங்களுக்கு அதில் ஆள் இல்லை என்று எப்படித் தெரியும்?"

"ஆள் இருந்தா மத்தியானம் சாப்பிடவெண்டாலும் போவான்தானே."

சட்டத்தரணி இருமுவதுபோலக் கைக்குட்டையை எடுத்தார். இளைஞர் இன்னொரு பக்கம் தாக்கினார். "அது எந்த நாட்டிலிருந்து வந்தது?" இது பொறி. ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி, அது அறிக்கைகளில் இருப்பதோடு பொருந்தாவிட்டால், எல்லாம் பொய் என்று சொல்லிவிடலாம்.

அக்கா இந்த முறை சிரிக்கவில்லை.

"மேலால வந்ததில ஆரின்ர பேரும் எழுதியிருக்கேல்லை. கீழ எங்களுக்குத் தந்த தறப்பாளிலதான் நாட்டின்ர பேரைப் போட்டு, அன்பளிப்பு எண்டு பெரிசா எழுதிக்கிடந்தது. ரெண்டையும் உதவி எண்டுதான் சொன்னவை."

தறப்பாள் என்றால், ஓடிப்போன இடங்களில் கூரையாகக் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் விரிப்பு. வேறு சிரமம் எதுவும் அந்தப் பதிலில் இல்லை. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் உதவி என்ற ஒரே சொல்தான். இவ்வளவு சுகமாக மொழிபெயர்க்கக்கூடிய வாக்கியம் என் வாழ்க்கையில் அதிகம் கிடைத்ததில்லை. தறப்பாளில் எந்த நாட்டின் பெயர் இருந்தது என்று இளைஞர் கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பார். இளைஞர் கேட்கவில்லை. நீதிபதியும் கேட்கவில்லை.

"பதிவேட்டில் உள்ள மற்றவற்றையே என் வாதமாக வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு இளைஞர் உட்கார்ந்தார்.

"அதில் எதை?" என்றார் நீதிபதி. "அடுப்பு மூட்டாததையும், வெள்ளைத்துணி போடாததையும், பிள்ளைகளைச் சேரவிடாததையும் எனக்குக் காட்டித் தந்தவர் நீங்கள்தான். பூச்சியைப் பற்றியென்றால் அவை அபத்தம். இதைப் பற்றியென்றால், அங்கே இருந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடியவை. எல்லாம் முதல் நேர்காணலிலேயே இருக்கின்றன. வண்டைக் கண்டதும் எல்லோரும் சிரித்துவிட்டு, அதன்பின் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது." பிறகு சட்டத்தரணியிடம், மேலும் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

சட்டத்தரணி எழுந்து, "இல்லை. வண்டுகள் பற்றிய கட்டுரைகளை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்றார்.

தீர்ப்பைப் பிறகு தபாலில் அனுப்புவதுதான் வழக்கம். மொழிபெயர்ப்பாளருக்கு முடிவு தெரியவே வராது. நீங்கள் அதற்கும் பழகிக்கொள்ள வேண்டும். அன்று நீதிபதி பேனாவை மூடிவைத்துவிட்டு, அக்காவை நோக்கி, "நான் உங்களை நம்புகிறேன். நீங்கள் அங்கே இருந்தீர்கள். மேன்முறையீட்டை ஏற்கிறேன். காரணங்கள் எழுத்தில் வரும்" என்றார்.

நான் விதிப்படி, அவருடைய 'நான்' ஆகவே திரும்பினேன். "நான் உங்களை நம்புறன். நீங்கள் அங்க இருந்தனீங்கள்."

அக்கா பெருமூச்சு விட்டார். "நீங்கள் நம்பி என்ன பிரயோசனம் தம்பி? அவரெல்லோ நம்பவேணும்."

இதையும் மொழிபெயர்த்தேன். நீதிபதியின் வாயோரம் அசைந்தது. "அவரும் நம்புகிறார் என்று சொல்லுங்கள்," என்றார்.

விதிப்படி நான் அந்த வாக்கியத்தை அப்படியே தமிழில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நாங்கள் மூவரும் மாலைவரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்திருப்போம். நான் விரலை நீட்டி நீதிபதியைக் காட்டினேன். விரல் நீட்டுவதும் தடை. "அவர்தான் அக்கா சொல்லுறார். அவர் நம்புறாராம். உங்களை அனுப்பமாட்டினம்." அக்கா என்ற சொல்லும், கடைசி வாக்கியமும் நீதிபதி சொல்லாதவை. ஒரே மூச்சில் இத்தனை விதிகளை மீறியவர் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் செய்யாதீர்கள்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வடிவாக் கேட்டனீங்களோ? நீங்கள் பொம்மர்க் காலத்து ஆள். எதுக்கும் இன்னொருக்காக் கேளுங்கோ."

நான் எழுந்து நின்றேன். "நீதிபதி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சரியாகக் கேட்டாரா என்று சாட்சிக்குச் சந்தேகம். மீண்டும் ஒருமுறை சொல்ல முடியுமா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்."

நீதிபதி நெற்றியில் கைவைத்துப் பார்த்து, கண்ணாடியைக் கண்டுபிடித்து, அதைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து, அதே வாக்கியங்களை ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னைத் தடுத்தார். மற்றக் கையால் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த வாக்கியங்களை நான் இன்னும் மொழிபெயர்க்கவில்லை.